தேசிக்காயைப் பிடித்தவள்

பிளாக்டவுனில் குடியிருக்கும், அம்மாவின் ஒரே தம்பியும் எங்கள் வீட்டின் கடைசிச் சொல்லுமாகிய இந்திரகுமார் மாமாவுக்கு, மெல்பேர்ணிலிருந்து மருமகன் ஆரூரன் வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் சுகமென்று அறிவேன்; நான் எடுத்த அழைப்பை வெட்டிவிட்டு அதே நிமிடம் குடும்பக் குழுவில் ஆட்டுக்கறிப் படம் போட்டிருந்தீர்கள். ஆகவே கடிதம். இதை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

விஷயம் இதுதான். தங்கச்சி சுலக்சனாவைச் சுவீடனில் ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகம் கோல் காப்பாளராகச் சம்பளத்துக்குக் கேட்கிறது. அவள் ஓம். நான் ஓம். அம்மா மட்டும், "தம்பி ஓம் எண்டால் போகட்டும்" என்கிறா. நீங்களோ அவவிடம், "முகத்தில பந்து பட்டால் ஆர் அக்கா இவளைக் கட்டுவான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், அது பந்து இல்லை, ரப்பர் வட்டு. அடுத்தது, அவளுடைய முகக்கவசம் உங்கள் காரின் முன்கண்ணாடியைவிட உறுதி. கட்டுகிறவனைப் பற்றி அவளே சொல்லிவிட்டாள்: "வாறவன் முதல்ல என்னைத் தாண்டி ஒரு கோல் அடிச்சுக் காட்டட்டும்."

நான் ஒரு பனித்தளத்தில் குளிரூட்டும் இயந்திரம் பார்க்கிறவன். தொழில் பழகிய காலத்தில், சனிக்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போய்விடுவதால், சின்னவளையும் இழுத்துக்கொண்டு போவேன். அவளுக்குச் சறுக்க வராது. விழுந்து, எழும்பி, திரும்ப விழுவாள். எரிச்சலில் கோலுக்குள் கொண்டுபோய் விட்டு, "அசையாம நில்" என்றேன். நின்றாள். அதுதான் தொடக்கம். அதிலிருந்து விடியற்காலையில் தளம் திறக்க முன்னர் நான் அடிப்பேன், அவள் மறிப்பாள்.

அம்மா முதல் ஆட்டம் பார்க்க வந்த அன்று எழும்பி நேரே பயிற்சியாளரிடம் போனா. "எல்லாப் பிள்ளையளும் ஓடி விளையாடுதுகள், என்ர பிள்ளையை மட்டும் மூலையில நிப்பாட்டிப்போட்டு ஏன் எல்லாரும் எறியினம்? கேள் தம்பி!" நான் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலிசில் அவவே கேட்டா. அந்த மனிசன் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அதோடு விட்டாவா? அடுத்த கிழமை முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய், வாகனப் பூசைக்கு நின்ற புதுக் கார்களுக்கு நடுவில் வைத்துவிட்டா. ஐயர், "இதென்ன வாகனம் அம்மா?" என்று கேட்க, "பிள்ளை இதுக்குள்ளதானே ஐயா போறவள்" என்று பதில். அவரும் சந்தனம் பூசி, வழக்கப்படி சில்லுக்குக் கீழே வைக்கத் தேசிக்காயும் கொடுத்தார். சில்லு இல்லையே? அம்மாவின் தொல்லை தாங்காமல் சுலக்சனா அதைக் கோல்வலையின் மேல், கோல் காப்பவர்கள் வழக்கமாக வைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் செருகினாள்.

அந்த வழக்கம் வருடக்கணக்காகத் தொடர, இந்த வருடம் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஆட்டம் சமநிலை. எதிரணிக்காரி அடித்த வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது, வலை குலுங்கியது, தேசிக்காய் விழுந்தது. என் தங்கச்சி மின்னல்போலப் பாய்ந்து கையுறையால் தேசிக்காயைப் பிடித்தாள். வட்டைத் திரும்பத் தட்டி உள்ளே போட்டார்கள். தோல்வி. நடுவர் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றிச் சுவீடனுக்கும் போக, அந்தக் கழகத்தார் சிரித்துவிட்டு, "இந்தக் கை வேகம் என்ன?" என்று மற்ற ஆட்டங்களையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் இந்த அழைப்பு.

முதலில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியே, தேசிக்காய் வேலை செய்திட்டுது!" நேற்றுக் குசினிக்குள் நின்று மெல்லச் சொன்னா: "காப்பாத்தத்தான் வைச்சனான். அது என்ர பிள்ளையையே கொண்டுபோகுது."

மாமா, உணர்ச்சிக் கதை எனக்கு வராது. கணக்காகச் சொல்கிறேன். கோல் காப்பவருக்கு இடுப்பும் முழங்காலும்தான் முதல். அவை தேய முன்னர் போகவேண்டும். இங்கே இதை வைத்துச் சோறு தின்ன முடியாது, அங்கே முடியும். வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவுக்கு எடுத்து "ஓம்" என்று சொல்லுங்கள். வேறு சொல் தேவையில்லை. "எண்டாலும்" வேண்டவே வேண்டாம்.

மாமியின் முழங்கால் சுகப்படவும், மச்சாள் நிரூபா சோதனையில் சித்தியடையவும், உங்கள் தொலைபேசி அழைப்புகளை ஏற்கவும் முருகனை வேண்டும்,

மருமகன்
ஆரூரன்

பி.கு.: வெள்ளிக்கிழமை என்பது நானாக வைத்த தவணை. கழகம் மாத முடிவுவரை நேரம் தந்திருக்கிறது. இன்று விடிய அவளுக்கு வட்டு அடித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணா, அங்க எனக்கு ஆர் அடிக்கிறது?" என்று கேட்டாள். "மெசின் இருக்கும்" என்றேன். பிறகு அடித்த ஒன்றும் கோல் பக்கமே போகவில்லை. ஆகவே மாமா, ஓம் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் மாதக் கடைசி நாள்வரை கொஞ்சம் இழுங்கள். நான் எடுத்தாலும் வெட்டுங்கள்.