தொட்டிக்கு ஒரு மூலை

'ஸ்ரீநிலயம்', கொடுங்கரை
கர்க்கடக மாதம், விடாத மழை

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மருமகன் தினூப் வணங்கி எழுதுவது. நீங்களும் உங்கள் சர்க்கரை நோயும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போக வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அத்தை சுகம், நீங்கள் கட்டிய வீடு எல்லோரையும்விட சுகம். மேற்கு வீட்டு ஓமனச் சேச்சியின் மகள் அஞ்சுதான் சுகமில்லை. அது விஷயமாகத்தான், நம் குப்பைத் தொட்டியை இடம் மாற்ற உங்கள் அனுமதியைக் கேட்டு எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் 'வாஸ்து' என்ற சொல் வந்தபிறகு நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாதல்லவா?

நகராட்சி கொடுத்த தொட்டியை நான் முதலில் கேட் பக்கத்தில்தான் வைத்தேன், குப்பை எடுக்க வரும் பெண்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. அத்தை பார்த்துவிட்டு, "வாசல்ல மீன் தலைய வெச்சு வரவேற்கவாடா உன் மாமா கிரானைட் போட்டாரு?"ன்னாங்க. சரின்னு அடுக்களைக்குப் பின்னாடி கொண்டு போனேன், அது அக்னி மூலையாம், ஆகாதாம். தென்மேற்குக்கு உருட்டினேன், அந்த நேரம் பார்த்து நீங்க வீடியோவில வந்துட்டீங்க. "டேய், அது கன்னிமூலைடா! குடும்பத்தையே அழிக்கப் பார்க்கிறியா?"ன்னு நீங்க போட்ட சத்தத்தில அத்தை கையில போன் ஆடிப்போச்சு. வடகிழக்கில நம்ம கிணறு, பக்கத்தில துளசி. ஆக இவ்வளவு பெரிய மனையில ஒரு தொட்டிக்கு இடமில்லை. வேலை கிடைக்காத எனக்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போடற அளவுக்கு இடம் கிடைச்சுது மாமா, தொட்டிக்குக் கிடைக்கலை.

நீங்கள் சொல்லி அனுப்பிய வேலாயுதன் ஆசாரி முழக்கோலோடு வந்தார். அளந்தார், வெற்றிலை போட்டார், நினைத்த மூலையில் துப்பினார், கடைசியில் வடமேற்கைக் காட்டினார். வாயு மூலை, கழிவுக்கு ஏற்ற இடம். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஓமனச் சேச்சியின் கிணறு இருக்கிறதே என்றேன்.

"எனக்குத் தெரியாதாடா? அவ கிணத்துக்கும் இடம் குறிச்சுக் குத்தி அடிச்சது நான்தான். அவ மனைக்கு அது ஈசான மூலை. உத்தமமான இடம்."

"உத்தமமான இடத்துப் பக்கத்துலயா மத்திக் குடலக் கொட்டறது?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் வேற வாஸ்து புருஷன். அவங்க கணக்கு அவங்களுக்கு, நம்ம கணக்கு நமக்கு. ரெண்டையும் கலக்காத."

கணக்கு கலக்கவில்லை மாமா. தண்ணீர்தான் கலந்தது.

இடவ மாசப் பாதியில பருவமழை பிடிச்சதும் தொட்டி நிறைஞ்சு வழிய ஆரம்பிச்சுது. மீன், கோழி இறகு, பலாச்சக்கை, லீவுக்கு வந்திருந்த உங்க பேரனோட டயப்பர் எல்லாம் ஊறி, அடி ஓட்டை வழியா வடிஞ்சு வெட்டுக்கல் மதிலுக்குக் கீழே போச்சு. ஓமனச் சேச்சி துணிக்கடை வேலைக்குக் கிளம்பற அவசரத்தில, இடுப்பில காலிக் குடத்தோட வந்து நின்னாங்க. "அம்மா, எங்க கிணத்துத் தண்ணியில மத்தி வாசம் அடிக்குது. நாங்க மத்தி வாங்கி ரொம்ப நாளாச்சு." அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "காசு கொடுக்காம மீன் வாசம் கிடைச்சா உனக்கு லாபம்தானே ஓமனே?" சேச்சியும் சிரிச்சாங்க. சிரிக்காம என்ன செய்ய முடியும்? தெருக்குழாயில காத்துதான் வருது. அதனால, மழை விடற வரைக்கும் உங்க கிணத்துல ரெண்டு குடம் எடுத்துக்கட்டுமான்னு கேட்டாங்க. "கண்டவங்க கயிறு போட்டா கிணத்தோட சுத்தம் என்னாகும்?"ன்னு அத்தை கேட்டாங்க. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், சேச்சிக்கும் தெரியும். காலிக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் புகார் கொடுத்தேன். ஆமாம், நான்தான், அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். சுகாதார அதிகாரி வந்தார். நம் கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார், நல்ல ருசி என்றார். சேச்சி கிணற்றில் பிளீச்சிங் பொடியைத் தூவினார், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று உபதேசம் செய்தார், போய்விட்டார். ஈர விறகில் எதைக் கொதிக்க வைப்பது?

அஞ்சுவை உங்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ படிக்கிறாள். நான் அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பதைப் பார்த்து, "தினூப் ஏட்டா, நீங்க பாஸாகற அன்னிக்கே ரிட்டயர்மென்ட் பார்ட்டியும் வெச்சிடலாம், செலவு மிச்சம்" என்று மதில் மேல் தலை நீட்டிச் சொல்வாள். அவள் கண் இப்போது மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போல இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுக் கிடக்கிறாள். கல்லீரல் என்கிறார்கள். பார்க்கப் போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. "பஸ் போயிடுச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தொட்டியைக் கன்னிமூலைக்கு உருட்டினேன். அத்தை பட்டினி கிடந்தார், தலை சுற்றி விழுந்தார், தொட்டி திரும்பவும் வாயு மூலைக்கு வந்தவுடன் எழுந்து தோசை சாப்பிட்டார். மாமா, கன்னிமூலையில் வைத்தால் ஒரு குடும்பம் அழியும் என்றீர்கள். இங்கே ஒரு குடும்பம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது. அது யார் கணக்கு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், தொட்டியை மாற்றிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அதை நடுக்கூடத்தில் உங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியேறுவேன். இது மிரட்டல்தான்.

மழை குறைந்ததும் ஓணத்துக்கு வாருங்கள். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் தீர்க்காயுசோடு இருக்க நம் குலத்துப் பரதேவதை அருளட்டும், கொஞ்சம் மதிலுக்கு அந்தப் பக்கமும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சோற்றைத் தின்னும்
தினூப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஓமனச் சேச்சி வந்தார். அஞ்சுவை உடனே கொச்சிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம், செலவுக்கு வீட்டையும் மனையையும் விற்கிறாராம். அத்தை உங்களுக்குப் போன் செய்ததும், நீங்கள் பேரம்கூடப் பேசாமல் 'சரி' என்றதும் எனக்குக் கேட்டது. சேச்சி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சமயத்துக்குக் கை கொடுத்தீங்க அம்மா. நல்ல அயல்காரங்க அமையறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்."

எனவே மேலே கேட்ட அனுமதி இனித் தேவையில்லை. தொட்டி தானாகவே இடம் மாறுகிறது. இரண்டு மனையும் ஒன்றானால் வாயு மூலை மேற்கே தள்ளிப் போகுமாம், ஆசாரி இப்போதே குறித்துவிட்டார். குத்தியை நான்தான் அடித்தேன். அடிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சேச்சிக்கு அடுத்த வீட்டுப் பாத்தும்மா தன் கிணற்றடியில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தை.

"என்ன மோனே, இனி நீங்கதானா எங்க பக்கத்து வீடு?" என்றார். "ரொம்ப சந்தோஷம்."