மடி தராத மாமனுக்கு

தாராவி,
மும்பை.

உயர்திரு தாய்மாமன் சுடலை அவர்கள் சமூகத்திற்கு, மருமகன் செல்லப்பாண்டி வணங்கி எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம். குர்லாவில் தாங்களும் அத்தையும் பட்டறையும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். தாங்கள் என் போனை எடுக்காத காரணத்தால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

நீர் செய்தது நியாயமா மாமா? பக்கத்து வீட்டு சைனப் மகள் ஜோயாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, ஆபரேஷன் பண்ணி மெஷின் வைத்தால் கேட்கும் என்று டாக்டர் சொன்னது உமக்குத் தெரியும். நானும் சைனப்பும் உண்டியல் டப்பாவோட கிங்ஸ் சர்க்கிள்ல வெயில்ல நின்னோம். டிபன் சாப்பிட்டு வாரவன் எல்லாம் டப்பாவோட செல்பி எடுத்தான், சில்லறையைப் போட்டான், போயிட்டான். அப்பத்தான் என் மக பொன்செல்வி சொன்னா: "அப்பா, தர்மம்னு கேட்டா எவனும் தரமாட்டான். மொய்னா எவன் தராம இருப்பான்? ஊரெல்லாம் மொய் செஞ்சிருக்கீங்கல்ல, நம்ம வீட்ல ஒரு விசேஷம் வைங்க." விசேஷத்துக்கு எங்க போக? அவ கல்யாணம் வேண்டாங்கா, வீட்ல கைப்பிள்ளையும் இல்ல. உடனே என் வீட்டுக்காரி சீனியம்மாள் என் காதைப் பார்த்தா. "இவுகளுக்கு இன்னும் காது குத்தலையே!"

யாரால குத்தல? நான் பொறந்தப்ப உமக்கு வயசு மூணு. பிள்ளையை உக்கார வைக்க மாமனுக்கு மடியே இல்லைன்னு தள்ளிப்போட்டாக, அப்படியே மறந்துட்டாக. இப்பத்தான் மடி நல்லா வளந்திருக்கே, வாரேன்னு சொன்னீரே! நம்பி பேனர் அடிச்சாச்சு. மீசையும் கண்ணாடியுமா என் போட்டோ, சுத்தி பலூன், யானைக்குட்டி, கீழ "செல்லக்குட்டி செல்லப்பாண்டிக்குக் காதணி விழா". தாராவி பூரா சிரிச்சுது. சிரிச்சவன் பூரா மொய்க் கவரோட வந்தான், அது வேற.

மைக்ல "தாய்மாமன் மேடைக்கு வரவும், தாய்மாமன் மேடைக்கு வரவும்"னு கத்துறாக, நீரு போனை ஆஃப் பண்ணிட்டீரு. பொறவு அத்தைகிட்ட இருந்து மெசேஜ் வருது, முட்டுவலியாம். என்னவே நெனச்சீரு? என் மானம் போச்சு! கடைசில ஜோயாவோட மாமன், ஒல்லியா ரிக்‌ஷா ஓட்டுறவரு, சம்மணம் போட்டு உக்காந்து மடியைத் தட்டி "ஆவோ பாய், பைட்டோ", வந்து உக்காருண்ணேன்னாரு. அந்த மனுசன் மடியில என் தொந்தியோட உக்காந்தேன். ஆசாரி குத்தினாரு. நான் போட்ட அலறல் மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். முன்னால நின்னு கைதட்டின ஜோயா ஒருத்திக்குத்தான் கேக்கல.

இனி அந்த ரிக்‌ஷாக்காரருதான் என் தாய்மாமன். உமக்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல, என் வாசப்படியை மிதிக்க வேண்டாம். அத்தைக்கு மட்டும் என் வணக்கம். உம்ம முட்டுவலி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காது எரிச்சலோட,
செல்லப்பாண்டி

பி.கு: கோவத்துல எழுதிட்டு கூரியர்ல போட மறந்துட்டேன் மாமா. அதுக்குள்ள மொய்ப் பணத்துல ஒரு காதுக்கு ஆபரேஷன் முடிஞ்சு, நேத்து மெஷினை ஆன் பண்ணிக் கூட்டிட்டு வந்தாக. வாசல்ல நான் தண்ணிக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். உள்ள இருந்து ஜோயா மெல்ல வெளிய வந்து என் வாயவே பார்த்துக்கிட்டு நின்னா. என் சத்தத்துக்கு வந்திருக்கா மாமா! சைனப் அழுதா, நானும் அழுதேன், எதுக்குன்னு தெரியாம தண்ணிக்காரனும் அழுதான். இன்னொரு காதுக்கு இன்னும் பணம் வேணும். உமக்கும் காது குத்தலைன்னு அத்தை சொல்லிட்டாக, பேனர் அடிக்கக் குடுத்தாச்சு. உம்ம தாய்மாமன் போய்ச் சேர்ந்துட்டாரேன்னு யோசிக்க வேண்டாம். என் மடி இருக்கு, வந்துரும்.