வைஃபை தேடி ஓடிய மடி

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பாதி படித்துவிட்டு முழுதாகப் பீற்றிக்கொள்ளும் ஓர் ஆள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன். பெங்களூரு, மஸ்கட் என்று கட்டட வேலைக்குச் சாரம் ஏறிப் பிழைத்ததில் எனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம் ஒரு மீடியா பிளேயர். பாட்டு, படம், முன்னால் கேமரா, வைஃபை எல்லாம் உண்டு. (வைஃபையிலும் பழசு புதுசு உண்டென்று யார் கண்டது?)

நான் சித்தூர் பக்கத்து எங்கள் ஊர் விஜயபுரம் திரும்பிய வாரம் அக்கா மகளுக்குத் திருப்பதியில் காதுகுத்து. குவைத்தில் இருந்த மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, லீவு கிடைக்கவில்லை. மகளின் காதுகுத்தைப் பார்க்க முடியாதே என்று அவருக்கு ஏக்கம். "இதுல நேராவே பாக்கலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். அவரும் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார்.

மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் ஒரு லாட்ஜில் சடங்கு. 'வைஃபை உண்டு' என்று பலகையே இருந்தது. பாப்பா என் மடியில். பிளேயரில் ஒன்றும் வரவில்லை. நல்ல நேரம் போகிறதென்று ஆசாரி இடது காதைக் குத்திவிட்டார்.

வலது காதையாவது மாமா பார்க்கட்டும் என்று எழுந்தேன். தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். ஆகவே மடியோடு பாப்பாவும் வந்தாள். வராந்தா, படிக்கட்டு, மொட்டைமாடி. ஒரு கையில் அலறும் குழந்தை, இன்னொரு கையில் வானத்தைப் பார்த்த பிளேயர். பின்னால் ஊசியோடு ஆசாரி.

"டேய், புள்ளைய தூக்கிக்கினு எங்கடா ஓடற?" என்று அக்கா கத்தினாள்.

"சிக்னல் வந்துக்கினே கீதுக்கா!" (ஒரு கோடுகூட வரவில்லை.)

கடைசியில் ரிசப்ஷன்காரர் பிளேயரை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இதி பாததி அண்ணா, பழசு. வைஃபைல இதுக்கு 'பி', 'ஜி'ன்ற பழைய ரகம் மட்டும்தான் தெரியும். நாங்க புதுசா 'என்' மட்டும் வச்சிகிறோம். ஒண்ணோட ஒண்ணு பேசாது."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அப்பா, எங்கள் நைனா, கேட்டார்: "இந்த ரெண்டு எழுத்த வாங்கியாரவா மஸ்கட் போன?"

அதற்குள் பாப்பா வலது காதை இறுகப் பொத்திக்கொண்டாள். யார் கெஞ்சியும் கையை எடுக்கவில்லை. அக்கா சாதா போனில் மாமாவைக் கூப்பிட்டாள்.

"குத்தியாச்சா?"

"பாதி."

மாமா சிரித்த சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மீதிய நான் வந்து பாத்துக்கறேன். அவன் அந்தப் பொட்டிய தொடாம இருந்தா போதும்."

அப்படியே அடுத்த லீவில் மாமா எதிரே உட்கார்ந்து கண் நிறையப் பார்க்க, என் மடியிலேயே வலது காது குத்தினோம். வளர்ந்த காதில் துளை ஒரு நூல் மேலே ஏறிவிட்டது. இன்று சித்தூரில் கல்லூரிக்குப் போகிறவளின் ஜிமிக்கிகள் ஒரே மட்டத்தில் தொங்குவதில்லை.

யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவாள்: "இடது பழைய 'பி', வலது புது 'என்'. இந்த மாமா புண்ணியத்துல ரெண்டுலயும் நல்லா கேக்குது."