விலை சாரும் எங்கள் பீலியும்

கண்ணில் பட்டதற்கெல்லாம் விலை சொன்ன மனிதர் எங்கள் ராகலைப் பக்கத்தில் ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, சுற்றுச்சூழல் பொருளியல் படித்து, கொழும்பில் பாடம் நடத்தி ஓய்ந்து ஊர் திரும்பியவர். படிப்பின் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் 'விலை சார்' என்று வைத்துவிட்டோம்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், "ஒங்க தேத்தண்ணிய விட இந்த சன்னல்ல தெரியிற மலைக்குத்தான் வெல கூட" என்பார்.

"அப்ப மலையவே குடிச்சிட்டுப் போங்க சார்" என்பார் கடைக்காரர்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். வாசல் மரத்தின் நிழலை அடிவைத்து அளந்துகொண்டிருப்பார்.

ஒரு வருஷம், ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் எங்கள் பீலிக்கு மேலே இருந்த காட்டை வெட்டி ஹோட்டல் கட்ட ஏற்பாடாயிற்று. லயம் முழுக்கக் குடிப்பதும் குளிப்பதும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். "தண்ணியோட மதிப்பக் காட்டிட்டா வெட்ட மாட்டாங்க" என்று துள்ளினார் சார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நாங்கள் பெரட்டில் நிற்கும்போதே படிவத்தோடு வந்துவிட்டார்.

"இந்தக் காடு நிக்கணும்னா மாசம் எவ்வளவு குடுப்பீங்க?"

பெரட்டில் வந்து கேட்டால் நாங்கள் வேறென்ன நினைப்போம்? சங்கத்துக்கு, கோயிலுக்கு, தேயிலைத் தூளுக்கு என்று சம்பளத்தில் பிடித்துப் பிடித்தே பழகிய ஜனங்கள். வாயைத் திறந்தால் அடுத்த மாசமே வெட்டு விழும் என்று பயந்தோம். "ஒண்ணும் குடுக்க ஏலாதுங்க சார்" என்றார் காளியம்மாக்கா. வரிசை முழுக்க அதையே சொன்னது. கவ்வாத்துக் கத்தியோடு நின்ற நானும்தான்.

சம்பளப் பிடித்தமில்லை, மதிப்புக்குத்தான் கேட்டார் என்று புரிந்ததும் சாரிடம் ஓடினோம். "ஆளுக்கு நூறுன்னு மாத்திருங்க சார்!" என்று கெஞ்சினார் காளியம்மாக்கா.

சார் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னத எப்படிம்மா மாத்துறது? பயந்து சொன்னாங்கன்னு தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

அந்தப் பக்கத்தை எந்த அதிகாரியும் படிக்கவில்லை. சைபரை மட்டும் படித்தார்கள். காடு போயிற்று, மறு கோடையில் பீலியும் நின்றது.

அதன் பிறகு சார் எதற்கும் விலை சொல்லவில்லை. தண்ணீர் பவுசர் லொறி வரும் நாளில், பெண்களுக்குப் பின்னால் கடைசி ஆளாய்க் கேனோடு நிற்பார். அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பு எங்களுடையது என்று எங்களுக்குத் தெரியும். அவரோ தன்னுடையது என்றே நினைத்து நினைத்து உருகினார்.

போன மாசி வறட்சியில் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. பவுசர் வந்து நாலு நாளாகியிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று யாரும் சொல்லவேயில்லை, வீட்டுக்கு ஒரு குடமாய் வந்துகொண்டே இருந்தது. "போதும், போதும், பிள்ளைகளுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று பெரியவர்கள் சத்தம் போட்டும் ஒருவரும் நகரவில்லை. என் குடத்தை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று நானும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.