ஒரே பிரவுசரில் வரும் ஆவி

“எங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப கைநாட்டு, அண்ணி! செத்தப்புறம் டைப் அடிக்குதாக்கும்?”

“கத்தாதடி ஃபிலோமேனா. மேல போய்க் கத்துக்கிட்டாரு. அங்க அவருக்கு வேற என்ன வேலை?” என்றாள் யூடோசியா, வீட்டுப் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

பெரு நாட்டின் சிம்போட்டே துறைமுகத்தில் செவ்வாய்க்கிழமை மீன் வாங்க ஆளிருக்காது. ஊரே ‘டான்’ என்று மரியாதையாக அழைக்கும் வென்செஸ்லாவோவின் இன்டர்நெட் கடையில் நிற்கும். அங்கே செத்தவர்கள் பிரவுசரில் வந்து பேசினார்கள். டான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார். பிரவுசர் தானே திறக்கும். அம்புக்குறி தானே நகரும். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும். கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பள்ளி வாத்தியாரே அசந்துபோனார்.

அன்று விழுந்தது: ‘என் கண்மணி, வீட்டை டான் பேருக்கு எழுதிக்கொடு. என் ஆன்மா சாந்தியடையும்.’

யூடோசியாவுக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான். பேனாவை எடுத்துவிட்டாள்.

சிலி நாட்டு சாண்டியாகோவில் இருக்கும் மகளின் முகம் பார்க்க அடிக்கடி இந்தக் கடைக்கு வருபவள் ஃபிலோமேனா. அந்தக் கணினியில் இரண்டு பிரவுசர்கள் உண்டென்று அவளுக்குத் தெரியும். முதலாவதை மூடினாள். மற்றதைத் திறந்தாள்.

“அண்ணே, இதுல எழுதுண்ணே, பாப்போம்.”

“தொடாதீங்கம்மா! ஆவிக்கு அது ஒத்துக்காது!” என்று பாய்ந்தார் டான்.

“ஏன்யா, பரலோகத்தத் தாண்டி வந்தவருக்குப் பக்கத்து பிரவுசருக்குத் தாண்ட முடியலையா?”

அம்பு அசையவில்லை. சற்றுக் கழித்து ஒரு சின்னப் பெட்டி முளைத்தது: ‘பிரவுசர் கிடைக்கவில்லை. புரோகிராமை முதலிலிருந்து இயக்கவா?’

“இது யாரு கேக்குறது? அவரா?” யூடோசியா திரையருகே குனிந்தாள்.

ஃபிலோமேனா ‘ஆம்’ என்பதைத் தட்டிவிட்டு, கூட்டத்தில் நின்ற எர்மெலிந்தாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். பழைய பிரவுசர் திறந்தது. ‘என் கண்மணி, வீட்டை டான் பேருக்கு...’

“யோவ், நான் இன்னும் சாகலய்யா!” பின் பெஞ்சிலிருந்து எர்மெலிந்தாவின் புருஷன் எழுந்து நின்றான்.

ஆவி என்று ஊர் கும்பிட்டது கணினிக்குள் ஒளிந்திருந்த ஒரு புரோகிராம். காலையில் டான் எழுதிவைத்ததை, பிரவுசரைத் திறந்து, அம்பை நகர்த்தி, அப்படியே ஒப்பித்தது. நாங்களோ தூக்கிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

யூடோசியா ஐஸ் தொழிற்சாலை நிக்கனோரைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறாள். டான் பியூரா நகருக்குக் குடிபோனார். அங்கே கடைக் கணினியில் ஒரே ஒரு பிரவுசர்தானாம். கூட்டம் இங்கே இருந்ததைவிட அதிகமாம். மூளை மட்டும் ஆளுக்கொன்று இருக்கிறது. அதையும் ஒருமுறை திறந்து பார்த்தால் என்னவாம்?