பாசி எடுக்கவும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைபோட்டுச் சொல்வது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

1. முப்பது வருடங்களுக்கு முன் என் அப்பா கஷ்டப்பட்டு வடித்த சதுப்பில் நான் மறுபடியும் தண்ணீர் தேக்கினேன்.

2. அதில் பாசி வளர்த்தேன். தானாக வளரவில்லை, நான் வேண்டுமென்றே வளர்த்தேன்.

3. அது அரை சென்ட் பரவ மூன்று வருடம் ஆயிற்று.

4. ஒரு சனிக்கிழமை காலை, ஒன்றரை மணி நேரத்தில், ஐந்து பேர் அதை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அகற்றினார்கள்.

5. அகற்றச் சொன்னது நான்தான். எழுத்து மூலமாக.

இந்த ஐந்தாவது வரியை எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. முந்தைய பதிப்புகளில் அந்த இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது.

எங்கள் ஏலத்தோட்டம் வண்டன்மேட்டிலிருந்து ஜீப் மட்டுமே துணியும் ஒரு பாதையில் உள்ளே இருக்கிறது. இரண்டு சரிவுகள் சேரும் அடிப்பகுதியில் இருபது சென்ட் சதுப்பு. அப்பா கல்யாணமான புதிதில் அதன் நடுவே தானே கான் வெட்டி (எங்கள் பக்கத்தில் வடிகாலைக் கான் என்போம்), தண்ணீரை ஓடைக்கு விரட்டி, ஏலம் நட்டார். மேல் வரிசைகள் பிழைத்தன. கீழ் வரிசைகள் ஒவ்வொரு மழைக்கும் அழுகின. அப்பா ஒவ்வொரு வருடமும் புதிதாக நட்டார். பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் என்னோடு ஆரம்பித்ததல்ல.

நான் கோயம்புத்தூரில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்து, இரண்டு வருடம் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டு (அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வது: "சாக்கடை படிச்சிருக்கா") ஊர் திரும்பியிருந்தேன். திரும்பி வந்த கண்ணுக்கு அந்தச் சதுப்பு வேறு மாதிரி தெரிந்தது. அந்தக் கறுப்பு மண் பாதிக்குமேல் மட்காத செடி. தண்ணீருக்குள் இருக்கும்வரை அப்படியே கிடக்கும். தண்ணீரை வடித்தால் மெல்ல மட்கிக் காற்றோடு கலந்துவிடும், நிலம் உள்வாங்கும். அப்பா நட்ட எல்லைக்கல் முழங்கால் உயரம் வெளியே வந்திருந்தது. கல் வளர்கிறது என்று அப்பா இத்தனை வருடமும் நம்பியிருந்தார்.

சதுப்பின் மூலையில், ஊற்றுக்கண் ஓரமாக, ஒரு பாய் அகலத்துக்கு ஒரு பாசி தப்பிப் பிழைத்திருந்தது. வெளிர் பச்சை. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். ஸ்பேக்னம் என்று பெயர். ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் வளர்ப்பவர்கள் தொட்டியில் வைக்கத் தேடுவது இதைத்தான். அவர்களுக்குக் கிடைப்பது காட்டில் சுரண்டியது, இல்லையென்றால் கப்பலில் வந்தது. இதையே ஒரு பயிராக வளர்த்தால் என்ன? சதுப்பு சதுப்பாகவே இருக்கும். மேலே வளர்ந்ததை மட்டும் வெட்டி விற்கலாம். வெட்டிய இடத்தில் மறுபடி வளரும்.

இதை அப்பாவிடம் பதினோரு குறிப்புகளாகச் சொன்னேன்.

"ஏத்தா, ஊரெல்லாம் பாசி புடிக்காம இருக்க மருந்தடிக்கிறான். நீ நட்டு வளக்கப் போறேங்குற."

"ஆமாப்பா."

"தண்ணி தேக்கி."

"ஆமாப்பா."

"நான் வெட்டுன கானை அடைச்சு."

அப்பா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை இருவரும் சதுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு வருசம்" என்றார். "அதுக்குள்ள ஒரு ஆளக் கூட்டியா. அவன் இதைக் கையில புடிச்சுப் பாத்து, நான் வாங்கிக்கிறேன்னு சொல்லணும். சொன்னா இருபது சென்ட்டும் ஒனக்கு. இல்லாட்டி கானைத் தொறந்து ஏலம் நட்டுருவேன்."

கானைப் பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைத்தேன். ஊற்றோரப் பாசியில் பாதியை அள்ளி, விரல் கணு அளவுக்கு நறுக்கி, கான் ஓரத்து ஈரச் சேற்றில் தூவி, மேலே கம்பத்திலிருந்து வந்த வைக்கோலைப் பரப்பினேன். மீதிப் பாதியைத் தாய்ப்பாசி என்று தொடாமல் விட்டேன். சேற்றில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, தினமும் காலையில் இரும்பு ஸ்கேலை விட்டுத் தண்ணீர் மட்டம் பார்த்தேன். "காச்சல் எப்படி இருக்கு?" என்று அப்பா வரப்பிலிருந்து கேட்பார்.

தோட்டத்தில் எங்களுக்கு ஐந்து பெண்கள் வேலைக்கு வருவார்கள். கம்பத்திலிருந்து காலை ஜீப்பில் மேடேறி வந்து மாலை இறங்குவார்கள். அவர்களுக்குத் தலை செல்வராணி அக்கா. நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து வருகிறவர், என்னைப் 'பாப்பா' என்பவர். அதற்கு முன் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்.

பாசியின் பெயரைக் கேட்டதும், "ஸ்பேக்னமா? ஸ்பெக்ஸு, மூக்குக்கண்ணாடிப் பேரு மாதிரில்ல இருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு அதைச் சுற்றி நிழல்வலை கட்டி, "யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் அவர்களிடம் நான் சொன்ன விளக்கம். கல்லூரி நண்பர்களுக்கு முப்பத்திரண்டு சிலைடு போட்டுக் காட்டியிருந்தேன்.

மூன்றாவது வருடம் சித்திரையில், வலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த செல்வராணி அக்கா சொன்னார்: "நல்லா மெத்தை மாதிரி புடிச்சுப் போச்சே பாப்பா. ஒரு வார்த்தை சொல்லு, ஒரு மணி நேரத்துல எடுத்துக் குடுத்துருவோம்."

அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியது இது: "தொழிலாளர்களிடையே அறுவடை ஆர்வம் காணப்படுகிறது."

கட்டப்பனைப் பக்கம் ஆர்க்கிட் நர்சரி வைத்திருக்கும் ஜோயி சேட்டன் வந்து பார்ப்பதாகச் சம்மதித்தார். அப்பா கொடுத்த கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. முந்தின நாளே நிழல்வலையை அவிழ்த்துவிட்டேன், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று. சனிக்கிழமை காலை அவரை அழைத்துவர நானே ஜீப்பில் போனேன். அப்பாவும் காய் விற்க ஏல மையத்துக்குப் போயிருந்தார். பெண்களுக்கான வேலைப் பட்டியலை ஸ்டோர் கதவு ஆணியில் குத்திவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது:

1. மேல் சரிவில் களை எடுக்கவும்.
2. கான் ஓரம் பாசி எடுக்கவும்.
3. இடம் சுத்தமாக இருக்கட்டும். ஆள் வருகிறார்.

இரண்டாவது வரியில் நான் நினைத்தது மாதிரிக்கு ஒரு தட்டு. ஜோயி சேட்டன் கையில் பிடித்துப் பார்க்க. கழிவுநீர் ஆலையில் அளவு எழுதாமல் ஒரு சீட்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் அளவை எழுத மறந்தேன்.

வழி நெடுக ஜோயி சேட்டனுக்குப் பாசியின் தண்ணீர் பிடிக்கும் திறனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மனிதர் ஜீப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "உவ்வு, உவ்வு" என்று ஆமோதித்தபடி வந்தார். (ஆமோதித்தது என்னையா, பாதைப் பள்ளங்களையா என்பது இன்றுவரை தெரியாது.)

இறங்கிச் சரிவு திரும்பினோம். ஐந்து பேரும் வரப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். கால் கழுவி, கொண்டை முடிந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல. அவர்களுக்குப் பின்னால் அரை சென்ட் கறுப்புச் சேறு வெயிலில் மினுமினுத்தது. துடைத்து வைத்த தோசைக்கல் மாதிரி.

"பாசி எங்கக்கா?" என்றேன்.

"எடுத்தாச்சு பாப்பா!" என்றார் செல்வராணி அக்கா. "பாத்துக்க, ஒரு பொட்டு கெடையாது. ஊத்தோரம் பழைய பாசி ஒண்ணு அப்பிக் கெடந்துச்சு, அதையும் வழிச்சுட்டோம். கானு வேற அடைச்சுக் கெடந்துச்சு. மூட்டையெல்லாம் இழுத்துப் போட்டு அதையும் எடுத்து விட்டாச்சு. இப்பப் பாரு, தண்ணி எப்பிடி ஓடுதுன்னு."

தண்ணீர் நன்றாகத்தான் ஓடியது. அப்பா வெட்டிய கான், அருமையான சாய்மானம்.

ஜோயி சேட்டன் குனிந்தார். "மோளே, பாயல் எவிடெ?" பாசி எங்கே என்று அவரும் கேட்டார். அந்த இடத்தில் அன்று அந்த ஒரு கேள்விதான் புழக்கத்தில் இருந்தது. ஒரு பிடி சேற்றை எடுத்து உருட்டி முகர்ந்து, மரியாதைக்குச் சொன்னார்: "மண்ணு கொள்ளாம்." மண் நன்றாக இருக்கிறதாம்.

என் நிதானத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆலையில் தொட்டி பொங்கியபோதுகூட நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். நான் சொன்னது, வார்த்தை மாறாமல்: "என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

செல்வராணி அக்கா மடியிலிருந்து காகிதத்தை எடுத்தார். பிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ரெண்டு. கான் ஓரம் பாசி எடுக்கவும். மூணு. இடம் சுத்தமாக இருக்கட்டும்." மடித்து என் கையில் வைத்தார். "நீதான எழுதியிருக்க."

கான் மட்டும் சத்தம் போட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காய் எடுத்தால் அது அறுவடை. கொழுந்து எடுத்தால் அறுவடை. களை எடுத்தால் ஒழிப்பு. கான் எடுத்தால் தூர் வாருவது. பாசி எடுத்தால்? தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டி முடிந்ததும் செடித் தூரில் ஒட்டிய பாசியைச் சுரண்டி எறிவதற்குப் பெயர்தான் பாசி எடுப்பு. மிச்சம் வைத்தால் கங்காணி ஏசுவார். செல்வராணி அக்கா பன்னிரண்டு வருடம் அந்த வேலை பார்த்தவர், கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர். பாசியைப் பயிர் என்று நினைத்தவள் அந்த மலையில் நான் ஒருத்திதான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எடுத்த பாசியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வேறொரு பெண் பதில் சொன்னாள், தரையைப் பார்த்து: "ஏலத்தூருல ஈரம் காயாம இருக்க மூடாக்குப் போட்டோம். குப்பைதானேன்னு."

அன்று மாலை வரை ஏலச்செடி ஏலச்செடியாகக் குனிந்து பொறுக்கினேன். மே மாத வெயிலில் முக்கால்வாசி காகிதம்போல வெளுத்துச் சலசலத்தது. உயிர் இருக்கலாம் என்று தோன்றியதில் அரை வாளி தேறியது. அப்பா ஏல மையத்திலிருந்து வந்து, திறந்த கானைப் பார்த்து, வாளியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். எப்போதும் ஏதாவது சொல்கிறவர். அன்று சொல்லவில்லை. என் மூன்று வருடத்தில் மிகவும் வலித்தது அதுதான் என்று சில நாள் நினைத்திருந்தேன்.

அது சரியல்ல. அந்த ஊற்றோரப் பாசி அப்பாவின் கானைத் தாங்கி முப்பது வருடம் உயிரோடு இருந்தது. என் பட்டியலை ஒரு காலைப்பொழுதுகூட அதனால் தாங்க முடியவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நான் வந்திராவிட்டால் அது இன்றும் அங்கே இருந்திருக்கும். இதை எந்த வரிசையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஜீப்பில் நான்கு பேர்தான் வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு கம்பத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஏழு குறிப்புகளாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். செல்வராணி அக்கா டீ கொடுத்தார். முதல் குறிப்போடு நின்றுவிட்டேன், மீதி ஆறும் பையிலேயே இருந்துவிட்டன. "தப்பு என்னுதுக்கா" என்பதை மட்டும் சொன்னேன்.

"சரி, விடுங்க" என்றார்.

'விடு' என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக மேடேறியிருப்பேன்.

எங்கள் வீட்டில் 'எடு' என்ற சொல் அதற்குப் பிறகு சும்மா வருவதில்லை. "அந்தக் கொழம்பை எடு" என்று அம்மா சொன்னால், "ஊத்தவா, கொட்டவா? எழுத்துல குடு" என்று அப்பா கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "பலகாரம் எடுத்துக்குங்க" என்று அம்மா சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, முழுக் கதையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ரசித்துக் கேட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

செல்வராணி அக்கா ஆவணியில் காய் எடுக்கத் திரும்பி வந்தார். வாளியில் பிழைத்த பாசியை ஒரு தட்டில் பரப்பி, தண்ணீர்த்தொட்டி நிழலில் வைத்து, "இதை எடுக்கக் கூடாது" என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். நின்று வாசித்தார். "எந்த எடுப்பு, மேடம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார். மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அட்டையைக் கிழித்துவிட்டு, அன்று சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேரையும் கூப்பிட்டு, இது என்ன, எதற்கு, யார் வாங்குவார்கள் என்று சொன்னேன். பத்து நிமிடம்தான் ஆனது.

இன்றைய நிலை இது. கான் திறந்தே இருக்கிறது. சதுப்பில் அப்பா ஏலம் நட்டிருக்கிறார், கீழ் வரிசை வழக்கம்போல அழுகுகிறது. ஊற்றோரம் எதுவும் திரும்ப முளைக்கவில்லை. பாசி இரண்டு தட்டு இருக்கிறது, உயிரோடு. நான் ஊரில் இல்லாத நாட்களில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது செல்வராணி அக்கா. நான் சொல்லி அல்ல. என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.