பதிப்பு மாமா வாசித்த வேதபாகம்

உலகத்தில் பைபிள் வாசிக்கிறவர்கள் உண்டு, வாசிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிப்பது என்று ஆராய்கிறவர்கள் அவர்கள். வாசிக்க இன்னும் நேரம் வரவில்லை. முதலில் இது முடியட்டும் என்று இருக்கிறார்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு புதுப் பைபிளைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்களும் நானும் என்றால் எங்கேயாவது திறந்து நாலு வரி வாசிப்போம். இவரோ அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், முதுகை விரலால் தடவித் தையலா பசையா என்று சோதிப்பார், தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபக்கத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார், முன்னுரையை ஒரு வரி விடாமல் படிப்பார், மொழிபெயர்த்தவர்களின் பெயர்களை ஏதோ சொந்தக்காரரைத் தேடுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார், கடைசியில் தன் கைவசம் உள்ள மூன்றே மூன்று வசனங்களை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "ம்ஹூம். மூலத்துல இப்படி இல்ல." மூலத்தை இவர் எப்போது பார்த்தார்? எங்கே பார்த்தார்! கிரேக்கத்தில் இவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கில் வந்த பையும் தீட்டாவும்தான்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆலயத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பதிப்பு மாமா. ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நிற்கும்போது மற்றவர்கள் "நல்ல செய்தி ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். மாமா மட்டும் கொடுத்த கையைத் திருப்பித் தராமல், "அந்த வசனம் எந்தப் பதிப்புல இருந்து எடுத்தீங்க ஐயா?" என்று ஆரம்பிப்பார். போதகர் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்.

மாமாவுக்கு என்ன தொழில் தெரியுமா? கண்ணாடிக் கடை. கடையின் பின்பக்கத்து இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? இப்ப? முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே போவார். வந்தவர் விழித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் தெரியுது" என்பார். "அப்ப இதுவே போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவ்வளவுதான். எத்தனையோ பேருடைய பார்வையை இப்படிச் சட்டென்று தீர்மானித்துக் கொடுத்த மனிதர், வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஆறு பைபிளைப் பரப்பிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கறுப்பு அட்டை பழைய நடை. கம்பீரம் இருக்கிறது, பாதி புரியவில்லை. நீலம் புரிகிறது, கம்பீரத்தைக் காணோம். பச்சை சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, சத்தமாகப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பழுப்பு கருத்தை மட்டும் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் சாய்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சிவப்பில் அடிக்குறிப்பு பொங்கி வழிந்து வசனத்தைப் பக்கத்தின் மேல்மூலைக்குத் துரத்திவிட்டது. இந்த ஐந்துக்கும் நடுவில் நியாயம் சொல்லட்டும் என்று வாங்கியது வெள்ளை. அதன் பிறகு சண்டை ஆறு பேருக்குள் ஆனது. மாமா எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? நீங்கள் எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சி.

"ஏங்க, எது ஜெயிச்சாலும் சரி, மத்தத மூடுங்க. நான் தட்டு வைக்கணும்" என்பார் மாமி. அந்த வீட்டில் சோறு ஆறிப்போவதற்கு வேதமே காரணமாகிவிட்டது.

இப்படியே காலம் போயிருக்கும். மகளுக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால் கல்யாண ஆராதனையில் வாசிக்கிற வேதபாகம் ஆங்கிலத்தில். மகள் கடைக்கே வந்து, சோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அப்பா, அன்பைப் பத்தின அதிகாரத்தை நீங்கதான் வாசிக்கணும். அவரோட பெரியப்பா தான் வாசிக்கிறேன்னு கேட்டார். ரேடியோவுல செய்தி வாசிச்சவராம், குரல் அப்படியே மணி மாதிரி இருக்கும். எங்க அப்பா வாசிப்பார்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"அதுக்கென்னம்மா, வாசிச்சிட்டாப் போச்சு."

"போச்சுன்னு சொல்லாதீங்க. சின்னப் பிள்ளையில ராத்திரி ஒரு கதை வாசிங்கன்னு கேட்டா, எந்தப் புத்தகத்துல வாசிக்கலாம்னு நீங்க பார்த்து முடிக்கறதுக்குள்ள நான் தூங்கிடுவேன். ஒரு தடவைகூட உங்க குரல்ல முழுசாக் கேட்டதில்ல. இந்தத் தடவை முழிச்சுக்கிட்டு நிக்கப் போறேன்."

மாமா கையிலிருந்த வில்லையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மகளுக்காக உலகத்திலேயே சிறந்த மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்துவிடுவது என்று அந்த நிமிஷம் உறுதி எடுத்துக்கொண்டார். கெட்டது குடி!

கல்யாண ஆராதனைத் தாளில் வேதபாகத்தையும் அச்சடிக்க வேண்டும். முதலில் கறுப்பைக் கொடுத்தார். அதில் அன்பு என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'சாரிட்டி' என்று இருக்கிறதே என்று மாமி எட்டிப் பார்த்துக் கேட்டார். "கல்யாணத்துல போய் தர்மத்தைப் பத்தி வாசிச்சா, பொண்ணு வீட்டுல கைநீட்டுறாங்கன்னு நினைக்க மாட்டாங்களா?" நியாயம்தான். அச்சகத்துக்கு ஓடி நீலத்தைக் கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் நீலம் சப்பென்று பட்டது. போன் போட்டுப் பச்சை என்றார். மறுநாள் காலையில் பழுப்பு என்றார், மத்தியானம் வேண்டாம் என்றார்.

அச்சகக்காரர் பொறுமைசாலி. ஆனாலும் மனிதர்தானே? "சார், பொண்ணு மாப்பிள்ளை பேராவது அதேதானே? அதுல மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. "தலைப்பை மட்டும் போட்டு இடம் விட்டு வைங்க. நாளைக்குள்ள நானே சொல்றேன்" என்றார்.

அச்சகக்காரர் இடம் விட்டு வைத்தார். நாளை வந்தது, சொல் வரவில்லை. தாளை அப்படியே அடித்து அனுப்பிவிட்டார்.

கல்யாணத்தன்று எல்லோர் கையிலும் அந்தத் தாள் இருந்தது. 'வேதபாகம்: மணமகளின் தந்தை' என்று அழகாகத் தலைப்பு, கீழே அரைப் பக்கம் வெள்ளை வெளேர். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, மௌன ஜெபம் போலிருக்கிறது என்று, மாமா எழுந்ததும் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மாமா தோளில் ஒரு பையோடு மேடை ஏறினார். பைக்குள் ஆறும் இருந்தன. கறுப்பை எடுத்து நாலு வரி வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். அதோடு நிறுத்தி, "இதையே நீலத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால்..." என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, நீலத்தை எடுத்து அதே நாலு வரியை வாசித்தார். பிறகு பச்சை. அதே நாலு வரி. இசைப்பெட்டிக்காரர் அடுத்த பாட்டுக்கு விரலை வைத்துவிட்டு எடுத்தார், வைத்துவிட்டு எடுத்தார். போதகர் பின்வாசலைப் பார்த்தார். அந்த அதிகாரம் சொல்கிறபடி அன்பு நீடிய பொறுமை உள்ளதா என்பதை மொத்தச் சபையும் அங்கேயே சோதித்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் வரட்டுமா என்பது போல அரைவாசி எழுந்தார்.

மாமா பழுப்புக்காகப் பைக்குள் கையை விட்டார். மணப்பெண் திரும்பினாள்.

"அப்பா! நான் ஒருத்தரைத்தான் கட்டிக்கிறேன். நீங்களும் ஒண்ணை எடுத்துப் படிங்க."

பெண் வீட்டார் கொல்லென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். சொல்லுக்குச் சொல்லா, கருத்துக்குக் கருத்தா என்று விசாரிக்கிற நிலையில் மாமா இல்லை. முகம் சிவந்து, வேர்த்துக் கொட்ட, கறுப்பைத் தொட்டார், வெள்ளையைத் தொட்டார், மறுபடி கறுப்புக்கே போனார்.

மகள் மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து நகர்ந்து படியேறினாள். பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்திருந்த சின்னப் புத்தகத்தை அப்பா முன்னால் விரித்து வைத்தாள். ஞாயிறு பள்ளியில் சும்மா கொடுத்த ஆங்கிலப் புதிய ஏற்பாடு. அட்டை போய், முதல் பக்கம் கிழிந்து, முதுகு முழுக்க ஒட்டுநாடா. இதையெல்லாம் ஒரு பதிப்பு என்று சொல்வார்களா என்று மாமா எத்தனையோ தடவை கேலி செய்தது. ஓரமெல்லாம் அவளுடைய பென்சில் கோடு. வாசித்து வாசித்தே கிழிந்த புத்தகம்.

"இது தெளிவா இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா குனிந்து பார்த்தார். "...இருக்கு."

"அப்ப இதுவே போதும்."

மாமா வாசித்தார். எங்கும் நிறுத்தவில்லை, எதையும் விளக்கவில்லை. நாலாவது வரியைத் தாண்டி அன்றுதான் முதல்முறையாகப் போனார். அங்கே இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம். கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு காரணமில்லை. பெரியப்பா எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார். மகள் கண் கொட்டாமல் நின்று முழுசும் கேட்டாள்.

இதோடு மாமா திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். என்ன செய்ய? சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பாவின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க வீட்டுல எந்தப் பதிப்பு?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்.

அவரை விடுங்கள். உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பெண் கையில் இருந்த அந்தச் சின்னப் புத்தகம் எந்த மொழிபெயர்ப்பு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே என்று, கொஞ்ச நேரமாகவே உங்களுக்கு உறுத்துகிறதல்லவா? மாமாவுக்கு இந்தப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.